ஓமம் கடல் கடந்த கதை

நம் வீட்டு அடுக்களையில் ஓமத்துக்கு என்றுமே முதலிடம் கிடைத்ததில்லை. கடுகும் சீரகமும் நாள்தோறும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க, ஓமம் எங்கேயோ ஒரு சிறு சம்படத்தில் கிடக்கும். தீபாவளிக்கு ஓமப்பொடி பிழியும்பொழுதும், குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும்பொழுதும்தான் அது நினைவுக்கு வரும். தில்லிக்கு வந்து குடியேறிய பின்னரே, அதற்கு வடநாட்டில் உள்ள மதிப்பை யான் அறிந்தேன். அஜ்வாயின் இல்லாத பராட்டாவை இங்குள்ளோர் பராட்டாவாகவே கருதுவதில்லை. கடைத்தெருவில், ஓமத்திலிருந்து எடுத்த வெண்ணிற உப்பினைச் சிறு புட்டிகளில் அடைத்து, 'ஓமப்பூ' என்று பொருள்படும் பெயரால் விற்கின்றனர். மூக்கருகே கொண்டுசென்றால் கண்ணில் நீர் வரும், அத்துணைக் காரம்.

இந்த வெண்ணிற உப்புத்தான் தைமால் எனப்படுவது. இஃது ஒரு காலத்தில் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்று, அங்கிருந்து அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போய், இலட்சக்கணக்கான ஏழை உழவர்களின் குடலில் இருந்த புழுக்களைக் கொன்றது என்ற செய்தியை, தொழில் நிமித்தமாகத்தான் யான் அறிய நேர்ந்தது. ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளைத் தமிழாக்குவதே என் தொழில். கற்றதோ கலைப் பாடம். மருத்துவமோ இரசாயனமோ முறையாகப் பயின்றவன் அல்லேன். ஒரு நாள் என் மேசைக்கு ஒரு குறிப்பு வந்தது. தாவரச் சாறுகளை நானோ துகள்களில் பொதிந்து குடற்புழு நோய்க்கு மருந்தாக்கும் முயற்சி பற்றியது அது. 'நானோ' என்பதைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்று தொடங்கிய தேடல், ஓமத்தில் வந்து நின்றது.

கதையை முதலிலிருந்தே சொல்லுகிறேன்.

குடற்புழு மனிதனோடு கூடவே பிறந்த பகை. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் கிருமிகளை இருபது வகையாகப் பிரித்து, அவற்றுக்கு மூன்று படிகளில் சிகிச்சை கூறுகிறது. புழுவை வெளியேற்றுவது முதற்படி. அது வாழ்வதற்கு ஏற்ற சூழ்நிலையை உடலினுள் கெடுப்பது இரண்டாம் படி. அது தோன்றுவதற்குரிய காரணத்தையே விலக்குவது மூன்றாம் படி. கிருமியைக் கொல்லும் பொருள்களில் வாய்விடங்கமே தலையாயது என்பது அந்நூலின் தீர்ப்பு. புரச விதையும் வேம்பும் நம் நாட்டு மருத்துவத்தில் இதற்கே பெயர் பெற்றவை. பிற்கால நிகண்டுகள் ஓமத்தையும் கிருமி நீக்குவனவற்றுள் சேர்த்தன. சரகர் கூறிய மூன்றாம் படியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது மீண்டும் வரும்.

ஐரோப்பியரும் பன்னெடுங்காலம் தாவரங்களையே நம்பியிருந்தனர். சுவிட்சர்லாந்தில் நூஃபேர் என்னும் கைம்பெண் ஒருத்தி நாடாப்புழுவுக்கு ஓர் இரகசிய மருந்து கொடுத்து வந்தாள். பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி 1775ஆம் ஆண்டில் பெரும்பொருள் கொடுத்து அந்த இரகசியத்தை வாங்கி வெளியிடச் செய்தார். திறந்து பார்த்தால், அது பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்த ஆண்பெரணியின் கிழங்குதான்! பழைய பொருளைப் புதிய பொட்டலத்தில் விற்கும் கலை நம் காலத்தில் தோன்றியதன்று போலும். 1830இல் மத்திய ஆசியப் புல்வெளிகளில் வளரும் மாசிபத்திரி இனச் செடியொன்றின் மொட்டுகளிலிருந்து சாண்டோனின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். உருண்டைப்புழுவுக்கு அது கைகண்ட மருந்து. ஆனால், அளவு சற்று மீறினால் உண்டவன் கண்ணுக்கு உலகமெல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

கொக்கிப்புழுவின் கதைதான் நமக்கு இங்கு வேண்டுவது. மிலான் நகரத்து மருத்துவர் ஆஞ்செலோ டுபினி, 1838இல் ஓர் உழவர் குலப் பெண்ணின் சடலத்தை அறுத்து ஆராய்ந்தபொழுது இப்புழுவைக் கண்டார். 1843இல் அதனை விவரித்து எழுதினார். அரை அங்குல நீளங்கூட இல்லாத புழு. குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒன்று இரண்டு இருந்தால் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் உடல் வெளிறும்; கால் வீங்கும்; பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். இதனைச் சோம்பேறித்தனம் என்று பலர் வைதனர். இரத்தம் இல்லாதவன் எங்ஙனம் உழைப்பான்?

இப்புழுவின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ஒரு சுரங்கம். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து புகைவண்டி செல்வதற்காக 1872இல் தொடங்கிய செயின்ட் கோத்தார்டு சுரங்கம், 15 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை வெட்டியவர்கள் பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியத் தொழிலாளர்கள். உள்ளே வெப்பமும் ஈரமும் தாங்க முடியாதவை. மலங்கழிக்கத் தனியிடம் இல்லை. வெட்டிய மண்ணிலேயே எல்லாம். 1880ஐ ஒட்டி அத்தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சோகை பிடித்து விழுந்தனர். டூரின் நகரப் பேராசிரியர் பெரொஞ்சித்தோ, அவர்கள் குடலில் இருப்பது கொக்கிப்புழுவே என்று காட்டி, ஆண்பெரணிச் சாற்றினால் மருத்துவம் செய்தார். அதே நகரத்தைச் சேர்ந்த பொத்சோலோ என்னும் மருத்துவர், தைமாலைக் கொடுத்துப் பயன் கண்டார். புழு உடலினுள் புகும் வழி அப்பொழுதும் தெளிவாகவில்லை. 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்பவர் ஆராய்ச்சி செய்கையில், புழுக் குஞ்சுகள் கலந்த நீர் அவர் கைமேல் சிந்திற்று. சிந்திய இடத்தில் எரிச்சல் கண்டது. சில வாரங்களில் அவர் மலத்தில் புழுவின் முட்டைகள் தோன்றின. வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடப்பவனின் தோலைத் துளைத்துக்கொண்டே இப்புழு உட்புகுகிறது என்ற உண்மை, இவ்வாறு ஒரு கைப்பிழையால் வெளிப்பட்டது.

தைமால் என்னும் பெயர், ஐரோப்பாவில் வளரும் தைம் என்னும் மணச்செடியிலிருந்து வந்தது. காஸ்பர் நாய்மன் என்னும் ஜெர்மானியர் 1719இலேயே அச்செடியின் எண்ணெயில் இதனைக் கண்டார். ஆயினும் தைம் செடியிலிருந்து எடுத்தால் கட்டுபடியாகாது. நம் ஓம விதையிலோ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை எண்ணெய் உண்டு; அவ்வெண்ணெயில் ஏறத்தாழப் பாதி தைமால். எனவே இந்திய ஓமம் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. லைப்சிக் நகரை ஒட்டிய வாசனை எண்ணெய் ஆலைகளில் அதனை வடித்து, படிகமாக்கி, உலகமெங்கும் விற்றனர். விதை நம்முடையது, விலை அவர்களுடையது. முதல் உலகப் போருக்கு முந்திய நம் வாணிபத்தில் இது புதுமையன்று. அவுரியும் தோலும் எள்ளும் எவ்வாறு சென்றனவோ அவ்வாறே ஓமமும் சென்றது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தியும் புகையிலையும் பயிரிட்ட ஏழை மக்களிடையே கொக்கிப்புழு மலிந்திருந்தது. சார்லஸ் ஸ்டைல்ஸ் என்னும் அறிஞர், 1902இல் அங்குள்ள புழு ஒரு தனி இனம் என்று நிலைநாட்டிப் பிரசாரம் செய்தார். 1909இல் எண்ணெய்ச் செல்வர் ராக்ஃபெல்லர், இந்நோயை ஒழிப்பதற்குப் பத்து இலட்சம் டாலர் அளித்தார். ஊர் ஊராகச் சென்று கொட்டகை அமைத்து, மலத்தைப் பூதக்கண்ணாடியில் சோதித்து, மருந்து வழங்கினர். மருந்து, தைமால்.

அம்மருந்தை உண்ட முறையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன். என் பேச்சின் சாரம் அதில்தான் இருக்கிறது. முதல் நாள் இரவு உணவைக் குறைத்து, பேதி உப்பு அருந்த வேண்டும். மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்குத் தைமாலில் ஒரு பாதி. எட்டு மணிக்கு மறு பாதி. பத்து மணிக்கு மீண்டும் பேதி உப்பு. வளர்ந்த ஆளுக்கு மொத்தம் 60 கிரெயின், அதாவது ஏறத்தாழ 4 கிராம் வரை கொடுத்தனர். அதன் காரம் தாங்காமல் வயிறு எரியும், தலை சுற்றும். மருந்தோடு ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் உண்டு. மருந்துண்ணும் நாளில் சாராயம், எண்ணெய், வெண்ணெய், கொழுப்பு எதுவும் தொடலாகாது.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் என்ன? தைமால் நீரில் கரையாது; எண்ணெயிலும் சாராயத்திலும் எளிதில் கரையும். கரையாமல் கிடக்கும்வரை அது குடலின் வழியே ஊர்ந்து சென்று, புழு இருக்கும் இடத்தைச் சேரும். கரைந்துவிட்டாலோ குடற்சுவரின் வழியே இரத்தத்தில் கலந்துவிடும். புழுவுக்கு வைத்த நஞ்சு மனிதனுக்குச் சேரும். எச்சரிக்கையை அறியாமலோ மதியாமலோ சாராயம் அருந்தியவர்களும், ஏற்கெனவே மெலிந்து இளைத்தவர்களும் சிலர் உயிரிழந்ததும் உண்டு. சமையலறையில் ஒரு சிட்டிகை இடும் பொருள்தானே என்று எண்ணுதல் தகாது. 'செடி கொடியிலிருந்து வந்தது. ஆகவே தீங்கில்லை' என்று நம்மவர் அடிக்கடி கூறக் கேட்கும்பொழுதெல்லாம், எனக்கு அந்தப் பேதி உப்பும் விடியற்காலையும் நினைவுக்கு வருகின்றன.

1914இல் போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து தைமால் வருவது நின்றது. விலை பன்மடங்கு ஏறிற்று. அப்பொழுதுதான் ஓமம் விளையும் நாட்டிலேயே தைமால் எடுக்கலாமே என்ற எண்ணம் ஆட்சியாளருக்கு உதித்தது. இந்தியாவிலும் அதனை வடிக்கத் தொடங்கினர். ஆயினும் அதற்குள் மற்றொரு தாவர மருந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கச் செடியாகிய கினோபோடியத்தின் எண்ணெய் அது. சுமாத்திராத் தீவின் தோட்டங்களில் பணிபுரிந்த டச்சு மருத்துவர்கள், 1913ஐ ஒட்டி அதன் பயனைப் பெரிதாக எடுத்துரைத்தனர். அதுவும் அளவு மீறினால் ஆளைக் கொல்லும் பொருளே.

இங்குதான் கதை நம்மவரைத் தொடுகிறது. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கையின் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு இயக்கத்தைத் தொடங்கினர். சோதித்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. அவர்களுட் பெரும்பாலோர் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து சென்ற தமிழ்க் கூலிகள். 1920களில் சென்னை மாகாணத்திலும் இத்தகைய இயக்கம் நடந்தது. இலங்கைக்குச் செல்லும் தொழிலாளரை மண்டபம் முகாமில் தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழு மருந்தும் புகட்டிய பின்னரே கப்பலேற்றினர். ஊரைவிட்டுப் பிழைக்கப் புறப்பட்டவனுக்குப் பயணத்தின் முதல் அனுபவம், வரிசையில் நின்று வாயைத் திறந்து மருந்து விழுங்குவது. தோட்டத்து முதலாளிக்கு வேண்டியது தொழிலாளியின் உழைப்பு. அதற்கு வேண்டியது அவன் இரத்தம் என்பதை மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியிருந்தனர். அன்பினால் கொடுத்தார்களா, ஆதாயத்தினால் கொடுத்தார்களா என்று வாதிடலாம். மருந்து உண்டவன் முகத்தில் சிவப்பு ஏறியது உண்மை. சில மாதங்களில் மீண்டும் வெளிறியதும் உண்மை. ஏனெனில் தோட்டத்தில் கழிப்பிடம் போதாது, காலில் செருப்பு இல்லை. சரகரின் மூன்றாம் படியை எட்டாத சிகிச்சை அது.

1921இல் மாரிஸ் ஹால் என்னும் அமெரிக்கர், கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் இரசாயனம் கொக்கிப்புழுவைக் கொல்வதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே ஃபிஜித் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் அதனை உண்டனர். அங்குக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நம் நாட்டவரும் அவர்களுள் உண்டு. அது ஈரலைக் கெடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. தாவர மருந்துகளின் காலம் அத்துடன் மெல்ல முடிந்தது. 1961இல் தையாபெண்டசோல், 1970களில் மெபெண்டசோல், ஆல்பெண்டசோல் எனப் புதிய மருந்துகள் வரிசையாக வந்தன. இன்று நம் நாட்டில் 2015 முதல், பிப்ரவரி 10ஆம் நாளைத் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குழந்தைகளுக்கு வழங்குவது 400 மில்லிகிராம் ஆல்பெண்டசோல் மாத்திரையே. பேதி உப்பு இல்லை, பத்தியம் இல்லை; மென்று விழுங்கிவிட்டு வகுப்புக்குச் செல்லலாம். தைமால் உண்ட அந்தத் தலைமுறை இதனைக் கண்டால் என்ன நினைக்குமோ!

அங்ஙனமாயின் மீண்டும் தாவரத்தை நாடுவானேன்? இதற்கு விடை ஆட்டு மந்தைகளில் இருக்கிறது. தையாபெண்டசோல் விற்பனைக்கு வந்த மூன்றே ஆண்டுகளில், 1964இல், அதற்கு அடங்காத புழுக்கள் செம்மறியாடுகளில் தென்பட்டன. ஆட்டின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்னும் புழு, இன்று பல நாடுகளில் பல மருந்துகளுக்கும் அடங்குவதில்லை. மனிதரிடத்தும் இந்நிலை வருமோ என்ற அச்சம் அறிஞர்க்கு உண்டு. உலக மக்களில் நூறு கோடிக்கு மேற்பட்டோர்க்கு மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் இருக்க, கையில் இருக்கும் நல்ல மருந்துகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

எனவே பழைய பெட்டியைத் திறந்து பார்க்கின்றனர். திறப்பதற்குரிய புதிய திறவுகோலே நானோ துகள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ எண்பதாயிரம் முதல் ஓர் இலட்சம் நானோமீட்டர். சில நூறு நானோமீட்டர் அளவுள்ள உறைகளில் தாவர எண்ணெயை அடைப்பதே இம்முயற்சி. உறைக்குப் பெரிதும் பயன்படுவது கைட்டோசான். இறால், நண்டு இவற்றின் ஓட்டிலிருந்து எடுப்பது. பிரேசில் நாட்டு அறிஞர்கள் யூகலிப்டஸ் எண்ணெயைக் கைட்டோசானில் பொதிந்து ஆடுகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். புழுக்கள் ஓரளவு குறைந்தன, ஒழியவில்லை. நம் ஓமத்துத் தைமாலையும் அவ்வாறே நுண்துளிகளாக்கிச் சோதித்துள்ளனர்.

இதன் நோக்கத்தைக் கவனித்தால், 1910ஆம் ஆண்டின் சிக்கலே வேறு உருவில் வந்திருப்பது விளங்கும். காரத்தை மூடி, வயிற்றில் கரையாமல் காத்து, புழு இருக்கும் இடத்தில் மெல்ல மெல்ல விடுவது உறையின் வேலை. அந்நாளில் பேதி உப்பும் பத்தியமும் அரைகுறையாகச் செய்த வேலை அது. ஆனால் நானோ மருந்துகளின் பெருமையை எழுதுவோர் பலர், 'உடல் இதனை நன்கு உறிஞ்சும்' என்பதையே முதற் சிறப்பாகக் கூறுகின்றனர். குடலிலேயே இருக்கும் புழுவுக்கு அது சிறப்பா? எண்ணெயோடு தைமாலை உண்டவனுக்கு நேர்ந்ததும் நல்ல உறிஞ்சல்தானே! இரத்தக் குழாய்களில் வாழும் நத்தைவழிப் புழுவின் நிலை வேறு. அதற்கு மருந்து இரத்தத்தை அடைந்தே தீர வேண்டும். மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினை உடல் எளிதில் ஏற்காது. ஆதலால் 2012இல் பிரேசில் அறிஞர்கள் அதனை நானோ துகளில் அடைத்து, அப்புழுவைக் கண்ணாடித் தட்டில் கொன்று காட்டினர். எந்தப் புழு, எங்கே வாழ்வது என்று கேளாமல் நானோ என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ்வது பேதைமை.

மற்றொரு வகையும் உண்டு. வேப்பிலை முதலியவற்றின் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலோடு சேர்த்தால், சாறு வெள்ளியை நுண்துகளாக்கிவிடும். அத்துகள்கள் ஆட்டுப்புழுவின் முட்டைகளைப் பொரியவிடாமல் தடுப்பதாக நம் நாட்டிலும் சோதித்துக் கண்டுள்ளனர். இதனை 'வேப்ப மருந்து' என்று எழுதினால் வாசகர் மயங்குவர். இங்கே வேம்பு பெரும்பாலும் சமையற்காரன், கறி, வெள்ளி. அந்த வெள்ளி உடலில் எங்குச் சென்று தங்கும், மண்ணில் கலந்தால் என்ன செய்யும் என்ற வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அது குழந்தையின் வாய்க்கு வரலாம். இவற்றுள் எதுவும் மனிதர்க்கான குடற்புழு மருந்தாக இதுவரை வழக்குக்கு வரவில்லை.

முதலில் சொன்ன குறிப்புக்கு வருகிறேன். அதில் 'இன் விட்ரோ' என்றொரு தொடர் இருந்தது. உடலுக்கு வெளியே, கண்ணாடிக் கலத்தில் நிகழ்ந்த சோதனை என்பது அதன் பொருள். என் முதல் வரைவில் அத்தொடரை விட்டுவிட்டேன். வாக்கியம் நீண்டுவிட்டது என்பதன்றி வேறு காரணம் இல்லை. 'தாவர நானோ துகள்கள் புழுக்களைக் கொன்றன' என்று செவிக்கு இனிதாக அமைந்துவிட்டது. இரவில் அதனையே மீண்டும் படித்தபொழுது, என் அண்டை வீட்டம்மாளின் முகம் கண்முன் வந்தது. பேரனுக்குப் பள்ளியில் கொடுத்த மாத்திரையை, 'இங்கிலீஷ் மருந்து வேண்டாம், எல்லாவற்றுக்கும் நம் மூலிகையே போதும்' என்று வாங்கித் தூர எறிந்தவர் அவர். என் வாக்கியம் அவர் கைக்குப் போனால் என்ன ஆகும்?

காலையில் அலுவலகம் சென்றதும் வரைவைத் திரும்பப் பெற்று, 'கண்ணாடித் தட்டில்' என்ற இரு சொற்களைச் சேர்த்தேன். கீழே, மாத்திரைக்கு இது மாற்றன்று என்று ஒரு வரியும் எழுதினேன். 'நானோ' என்பதற்கு 'மீநுண்' என்று முதலில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நானோ என்றே விட்டேன். அச்சுப்படி வந்தபொழுது கண்ணாடித் தட்டு இருந்தது. கீழ்வரி, இடம் போதாமையால், எழுத்து ஓர் அளவு சிறுத்திருந்தது.